ரப்பர் பாலில் எடுத்த சீனி

ரப்பர் பாலிலிருந்து சீனி எடுக்கலாம் என்று சொன்னால் தோட்டத்தில் பிறந்தவர்களே சிரிப்பார்கள். நான் எடுத்திருக்கிறேன். கல் உப்பை இடித்த மாதிரி வெள்ளையாக இருக்கும். நாக்கில் வைத்தால் முதலில் லேசாகக் குளிரும், பிறகு இனிக்கும். என் அக்கா அதை ஏழு வாரம் தேநீரில் போட்டுக் குடித்தாள். அந்த ஆண்டு முடிவதற்குள் அவளுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஐம்பது ஆண்டுகளாக நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. போன ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஈப்போவில், நூறு பேர் உட்கார்ந்திருந்த மண்டபத்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னேன். அதிலிருந்து உறவினர்கள் ஒருவர் மாற்றி ஒருவர், "வயசான காலத்துல இது தேவையா?" என்று கேட்கிறார்கள். தேவை. மண்டபத்தில் சொன்னது காற்றோடு போய்விடும் என்று அவர்கள் நம்புவதால் இப்போது எழுத்திலும் போடுகிறேன்.

மண்டபத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்குகிறேன்.

பழைய சந்தைப் பக்கம் ஒரு தமிழ் முஸ்லிம் உணவகம். முதலாளிக்கும் எனக்கும் முப்பது ஆண்டுப் பழக்கம். அங்கே என் அக்கா மகள் என்னைப் பார்க்க வந்தாள். ஐம்பத்தாறு வயது. கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். அவள் அம்மாவுக்கு இருந்த இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, அவளுக்கும் இருக்கிறது. தே ஓ கொசோங், அதாவது சீனி போடாத வெறும் தேநீர், வேண்டும் என்றாள். வந்ததும் கைப்பையிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தைக் கிழித்து வெள்ளைப் பொடியைக் கொட்டிக் கலக்கினாள்.

கல்லாவில் இருந்த முதலாளி பார்த்துவிட்டார்.

"அக்கா, என் கடையில வந்து நீங்களே சீனி போட்டுக்கிட்டா நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்?"

"இது சீனி இல்லலா அண்ணே. வைட்டமின். பி எய்ட்டு."

"இனிக்குமா?"

"இனிக்கும்."

"அப்ப சீனிதான்."

அவர் சிரித்துக்கொண்டே வேறு மேசைக்குப் போய்விட்டார். நான் பொட்டலத்தை எடுத்துக் கண்ணாடியை ஏற்றிப் படித்தேன். இனோசிட்டால். வேறொன்றும் கலக்கவில்லை. பின்பக்கம் ஒரு பட்டியல்: இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, மூட்டுவலி, தூக்கமின்மை, பிள்ளையில்லாக் குறை.

"மாமா, வர்ற ஞாயிறு மண்டபத்துல எங்க பொடிக் கம்பெனியோட பெரிய கூட்டம். லீடர் கோலாலம்பூர்லேருந்து வாராரு. நீங்க மேடையில ரெண்டு வார்த்தை பேசினா போதும்லா."

"நான் என்னத்தப் பேச?"

"நீங்க கெமிஸ்ட் தானே? இது நல்லதுன்னு சொல்லுங்க. போதும்."

அப்போதுதான் அவள் காலைப் பார்த்தேன். ஜப்பான் சிலிப்பர் போட்டிருந்தாள். வலது காலின் இரண்டாவது விரலைச் சுற்றி ஒட்டியிருந்த பிளாஸ்டரின் ஓரம் ஈரமாகி, மஞ்சளாகி இருந்தது.

"கால்ல என்ன?"

"புதுச் செருப்பு கடிச்சிருச்சு. அது கெடக்கு."

"எத்தன நாளா?"

"மூணு வாரம் இருக்கும்."

"கிளினிக்ல காட்டினியா?"

"கிளினிக் போறதையே விட்டுட்டேன் மாமா. அந்த மாத்திரையெல்லாம் கிட்னிய அடிச்சிடும். ரெண்டு மாசமா இது மட்டும்தான். இதுவே போதும்."

"போதும்னு எவன் சொன்னான்?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீங்கதான்."

"நானா?"

"அம்மாவுக்கு நீங்கதானே குடுத்தீங்க? ஸ்டோர்லேருந்து வெள்ளச் சீனி. எனக்கும் ஒரு கல்லு நாக்குல வைப்பீங்க, மறந்துட்டீங்களா? அம்மா லயம் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரியும். தம்பி சீனி சாப்பிட்டதுலேருந்து டெஸ்ட்டுல பச்சை, பச்சைதான்னு. கூட்டத்துக்குக் கூட்டம் நான் இதத்தான் சொல்றேன். இவங்க இப்ப பாக்கெட்டுல போட்டு விக்கிறத எங்க மாமா அப்பவே தோட்டத்துல செஞ்சாருன்னு. கேட்டா எல்லாரும் கை தட்டுறாங்க."

என் கோப்பையைக் கீழே வைக்க இடம் தெரியவில்லை. மேசை முழுக்கக் காலியாகத்தான் இருந்தது.

அவள் சொன்னது முழுக்கப் பொய்யில்லை என்பதுதான் இதில் கொடுமை. எனவே வேதியியலையும் கொஞ்சம் சொல்லவேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேறெதுவும் ஒழுங்காகத் தெரியாது.

இனோசிட்டால் ஒரு சர்க்கரை ஆல்கஹால். ஆல்கஹால் என்றதும் சம்சு நினைவு வேண்டாம், போதை கிடையாது. ஆறு கார்பன் அணுக்கள் வளையமாகக் கைகோத்து நிற்கும், ஒவ்வொன்றின் தோளிலும் ஒரு ஹைட்ராக்சில். ஒரு காலத்தில் இதை பி வைட்டமின்களின் வரிசையில் எட்டாவதாக உட்காரவைத்தார்கள். பிறகு நம் உடம்பே, முக்கியமாகச் சிறுநீரகம், குளுக்கோஸிலிருந்து இதைச் செய்துகொள்கிறது என்று தெரிந்ததும் வரிசையிலிருந்து எழுப்பிவிட்டார்கள். விற்கிறவர்கள் மட்டும் இன்னும் நாற்காலியைக் காலி செய்யவில்லை. அரிசித் தவிட்டிலிருந்தும் சோளம் ஊறவைத்த நீரிலிருந்தும் இதை எடுக்கிறார்கள். குழந்தைகளின் பால்மாவில் போடுகிறார்கள், டின்னில் வரும் ஊக்க பானங்களில் போடுகிறார்கள், மீன் தீவனத்திலும் இறால் தீவனத்திலும் போடுகிறார்கள். கண்ணாடிப் போத்தலுக்குள் வாழைக் கன்றும் ஆர்க்கிட் கன்றும் வளர்க்கும் கூடங்களில் கன்றுக்கு ஊட்டம் தரும் கூழில் இது இல்லாமல் வேலை நடக்காது. நல்ல பொருள். பொடி மேல் பழி போட்டுத் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை.

இந்த இனோசிட்டாலுக்கு ரப்பர் பாலில் ஒரு நெருங்கிய உறவு உண்டு. கெப்ராச்சிட்டால். வளையம் அதேதான், ஒரு தோளில் மட்டும் மீத்தைல் தொங்கும். பால் மரம் இதை ஏன் இவ்வளவு செய்து வைத்திருக்கிறது என்று நான் வேலையில் சேர்ந்தபோது யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. பாலில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். இன்றைக்கு மருந்து செய்கிற வேதியியலாளர்கள் தங்களுக்கு வேண்டிய மூலக்கூறுகளைக் கட்ட இதைத் தேடி வாங்குகிறார்கள். அன்றைக்கு அது வாய்க்காலில் ஓடியது.

தாப்பாவுக்கும் பீடோருக்கும் நடுவே இருந்த தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால், நாங்கள் அங்கே வேலை செய்தோம். இப்போது முழுவதும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. எங்கள் வரிசை வீடுகளான லயங்கள் இருந்த இடத்தில் ஒரு பெயர்ப்பலகைகூட இல்லை. பால் ஆலையை ஸ்டோர் என்போம். டாங்கியில் வரும் பாலை இயந்திரத்தில் சுழற்றிக் கெட்டிப்பால் தனியாக, நீர்ப்பால் தனியாகப் பிரிப்பார்கள். நீர்ப்பாலில் அமிலம் விட்டு மிச்ச ரப்பரையும் உறைய வைத்து எடுத்த பிறகு ஒரு மஞ்சள் தண்ணீர் நிற்கும். அது குட்டைக்குப் போகும். குட்டை நிரம்பினால் ஆற்றுக்குப் போகும். நாற்றம் சொல்லி முடியாது. அந்த ஸ்டோரில் பரிசோதனைக் கூடம் என் பொறுப்பு. லயத்தில் பிறந்து பல்கலைக்கழகம் போய் வேதியியல் படித்துத் திரும்பிய ஆள் என்பதால் அலுவலகக் கணக்கர்களான கிராணிமார்கூட என்னை "சார்" என்றார்கள். நான் படித்த ஆண்டுகளில் என் செலவுக்காக அக்கா ஒரு நிரைக்குப் பதிலாக இரண்டு நிரை மரத்தில் பால் வெட்டினாள். மச்சான் அக்கா மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே தவறிவிட்டார்.

ஒரு மழைக்காலத்தில், பால் வெட்டு இல்லாத நாள்களில், பழைய ஆய்விதழ் ஒன்றில் கெப்ராச்சிட்டாலைப் பற்றிப் படித்தேன். மஞ்சள் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் புரதத்தை வடிகட்டினேன். சுண்ணாம்பு போட்டு அமிலத்தை அடக்கினேன். பாகு பதம் வரும்வரை வற்றவைத்து, எரிசாராயம் விட்டுக் குளிரவைத்தேன். மூன்றாம் முறை கழுவியபின் ஊசி ஊசியாகப் படிகம் இறங்கியது. அந்த ஊசிகளைப் பார்த்த மகிழ்ச்சியை இன்றைக்கும் மறுக்கமாட்டேன். நாற்றமடித்த தண்ணீரிலிருந்து சீனி. அதுவும் உடம்பில் சேராமல், ரத்தச் சர்க்கரையை ஏற்றாமல் வெளியேறிவிடும் சீனி. இனிப்பு நீர்க்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

என் கையெட்டும் தூரத்தில் ஓர் இனிப்பு நீர்க்காரி இருந்தாள்.

"தம்பி, நெசமாவே இது பால்லேருந்தா?" என்று அக்கா கேட்டாள். "ஒட்டுப்பால் வாடை அடிக்காதே?"

"குடிச்சுப் பாரு."

குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கு முன் ஓராண்டாக அவள் இனிப்பான தேநீர் குடித்ததில்லை. "இத்தன நாளா இந்த மரத்தச் சொரண்டுறேன்," என்றாள், "இவ்வளவு இனிப்ப உள்ள வச்சிக்கிட்டு ஒரு வார்த்த சொல்லல பாரு, களவாணி மரம்."

அது வரைக்கும் தவறில்லை. அன்றோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

அவளுக்குத் தோட்ட மருந்தகத்து டிரஸ்ஸர் மாத்திரை கொடுத்துவந்தார். அதை நிறுத்தச் சொன்னேன். என் படிகம் தனியாக என்ன செய்கிறது என்று பார்க்கவேண்டும், மாத்திரை குறுக்கே வந்தால் கணக்கு கலங்கிவிடும். அக்காவிடம் அப்படிச் சொல்லவில்லை. "கொஞ்ச நாளைக்கு மாத்திர வேணாம். இது போதும்," என்றேன். என் அக்காமீது சோதனை செய்தேன். இதற்கு வேறு நாகரிகமான சொல் இருந்தால் எனக்கு வேண்டாம்.

அவளுக்கு வயிறு கழன்றது. ஒரு நாளைக்கு நான்கைந்து முறை. அந்தச் சீனி அப்படித்தான் செய்யும், குடலில் சேராத இனிப்பு தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். நான் படித்த பக்கத்திலேயே அது எழுதியிருந்தது. "கெட்டதெல்லாம் வெளிய போவுது," என்று சொன்னேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கும்போதே அவளுக்குக் கால் நடுங்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். நான் காதில் வாங்கவில்லை.

வாரத்துக்கு ஒரு முறை அவளுடைய சிறுநீரைக் கூடத்தில் சோதித்தேன். அப்போதெல்லாம் விரலில் குத்திப் பார்க்கும் கருவி கிடையாது. சோதனைக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் கொதிக்கவைக்கவேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். பிறகு மஞ்சள், ஆரஞ்சு. செங்கல் நிறம் வந்தால் உடம்பு சர்க்கரையில் மிதக்கிறது என்று பொருள். முதல் வாரம் பச்சை. உண்மையாகவே பச்சை. பழைய மாத்திரையின் தயவு மிச்சமிருந்திருக்கும். அக்காவிடம் குழாயையே கொண்டுபோய்க் காட்டினேன்.

மூன்றாம் வாரம் ஆரஞ்சு. என் படிகம் அந்த நீல மருந்தைத் தொடவே தொடாது. அந்த மருந்தை நிறம் மாற்றும் கை என் படிகத்தில் இல்லை. எனவே சிவந்தது என் சீனியால் அல்ல, அவள் உடம்பில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸால். வேதியியல் எனக்கு ஒளிய ஒரு மூலைகூட வைக்கவில்லை. எனக்கு அந்தக் குழாயைப் பார்த்தவுடனே தெரிந்தது.

அன்று மாலை லயத்தில் அக்கா வாசலில் மங்குகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். பால் பிடிக்கும் பீங்கான் கோப்பைகள்.

"என்னா கலர் தம்பி?"

"பச்சை," என்றேன்.

ஏன்? அதே வாரம் தோட்டக் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன். கழிவுத் தண்ணீரிலிருந்து நோயாளிகளுக்கான இனிப்பு என்று தலைப்பு. கடைசிப் பத்தியில், ஒரு நோயாளிக்கு ஏழு வாரம் கொடுத்துப் பார்த்ததாக எழுதுவதற்கு இடம் விட்டிருந்தேன். லயத்துப் பையன் ஒரு ஆய்வுக் கட்டுரையில் பெயர் போடுவான். அந்த ஆசைக்கு ஓர் ஆரஞ்சுக் குழாய் ஒத்துவரவில்லை. அடுத்த வாரம் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான்காம் வாரமும் ஆரஞ்சு, ஐந்தாம் வாரம் செங்கல் நிறம். இரண்டு முறையும், "பச்சை." ஆறாம், ஏழாம் வாரங்களில் நான் கொதிக்கவே வைக்கவில்லை. போத்தலைத் தொட்டியில் ஊற்றிவிட்டு "பச்சை" என்றேன்.

கடிதத்தை அனுப்பினேன். இரண்டு வரியில் பதில் வந்தது. ஆர்வத்துக்கு நன்றி, வணிக ரீதியில் பயனில்லை. நானும் படிகம் எடுப்பதை நிறுத்தினேன். அக்காவிடம் போய், இனி பழையபடி மாத்திரை சாப்பிடு என்று ஒரு வாக்கியம் சொல்லவேண்டியதுதானே? அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பாள். சொல்லவில்லை. அவளும் டிரஸ்ஸரிடம் போகவில்லை. பச்சைதானே.

உடைந்த மங்கு ஒன்றைப் பால் வெட்டும் வெளிக்காட்டில் மிதித்தாள். சின்னக் கீறல். டிரஸ்ஸர் கட்டுப் போட்டார், தாப்பா ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள், ஈப்போ ஆஸ்பத்திரியில் காலை எடுத்தார்கள். கண் விழித்ததும் அவள் என்னிடம் சொன்னது இதுதான்: "நீ குடுத்தத ஒழுங்காத்தான் சாப்பிட்டேன் தம்பி. நாந்தான் வாயக் கட்டல. தீபாவளிக்கு ரெண்டு அதிரசம் தின்னுட்டேன்."

அவள் அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டு இருந்தாள். தோட்டத்து ஆயாக் கொட்டகையில் உட்கார்ந்தபடி பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். அந்த ஒன்பது ஆண்டும் அதிரசத்தைத் திட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது மறுபடி அக்கா மகளுக்கு வருகிறேன்.

உணவகத்திலிருந்து திரும்பியதும் அவளுக்கு போன் செய்தேன். "அம்மாவுக்கு அந்தச் சீனி ஒத்துக்கல," என்றேன். "ஒத்துக்கிச்சு மாமா. அம்மா வாயக் கட்டல, அதான்," என்றாள். அந்த இடத்தில் நான் பேசியிருக்கவேண்டும். காலைக் காட்டு, கிளினிக் போ என்று மட்டும் நான்கு முறை சொன்னேன். "பொடி வேலை செய்ய டைம் குடுக்கணும்லா," என்று வைத்துவிட்டாள். ஐம்பது ஆண்டு பழகிய வாய் தொலைபேசியில் திறக்காது என்று அன்று தெரிந்தது. அவளுடைய பேச்சைக் கேட்டு எத்தனை பேர் மாத்திரையை நிறுத்தினார்களோ, அதுவும் தெரியாது. சரி, கூப்பிட்ட இடத்துக்கே போகலாம் என்று முடிவு செய்தேன்.

மண்டபம் அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே இருந்தது. காலை பத்து மணி. வந்திருந்தவர்களில் பாதிப் பேரின் முகத்தை எனக்குத் தெரியும். அவர்களும் பழைய தோட்டத்து ஆட்கள், இப்போது தொழிற்சாலை, கடை, காவல் வேலை. வாசலில் ஒரு மேசை போட்டு இலவசமாகச் சர்க்கரை பார்த்தார்கள். மேசைக்குப் பின்னால் அக்கா மகள். வருகிறவர்களின் விரலைக் குத்திச் சொட்டை எடுத்து, கருவியில் வந்த எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் விரலை மட்டும்.

லீடர் நாற்பது வயதுக்காரர், கோட்டு போட்டிருந்தார். என் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றினார்.

"இவரு யாருன்னு தெரியுமா? நம்ம ஆளு. எஸ்டேட் ஆளு. நாம இன்னைக்குக் கையில வச்சிருக்கிற இந்தப் பொருள, அம்பது வருஷத்துக்கு முன்னாடியே ரப்பர் பால்லேருந்து எடுத்த சயின்டிஸ்ட் ஐயா. வெள்ளக்காரன் மதிக்கல. நாம மதிப்போம். கை தட்டுங்க."

தட்டினார்கள். என் மைக்கில் இரைச்சல் வந்தது. அது அடங்கும்வரை நின்றேன்.

"நான் எடுத்தது இதோட சொந்தக்காரன், இது இல்ல," என்றேன். "ரெண்டுமே நல்ல சாமான்தான். மீனுக்குப் போடுறாங்க, பூச்செடிக்குப் போடுறாங்க. கிளினிக் மாத்திரைய நிறுத்திட்டு இத மட்டும் சாப்பிட்டா உங்க கால் போகும். எனக்கு எப்படித் தெரியும்னா, என் அக்கா காலு போச்சு. நான் சொல்லித்தான் அது மாத்திரைய நிறுத்துச்சு. டெஸ்ட் பண்ணப்ப செவப்பு வந்துச்சு. நான் பச்சைன்னு சொன்னேன். தெரிஞ்சே சொன்னேன். அஞ்சு வாட்டி."

முன்வரிசையில் ஓர் ஆள், "ஐயாவுக்கு வயசாயிருச்சுப்பா," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்கே கேட்டது.

"வயசு எம்பத்தொண்ணு," என்றேன். "செஞ்சப்ப இருபத்தொம்போது. அப்ப எனக்குப் புத்தி நல்லா இருந்துச்சு. அதத்தான் சொல்றேன்."

லீடர் சிரித்தபடி மைக்கை வாங்க வந்தார். "ஐயா, டைம் ஆச்சு." நான் கொடுக்கவில்லை. அவர் இழுத்தார், நானும் இழுத்தேன். எண்பத்தொரு வயதில் மேடையில் ஒருவனோடு மைக்குக்கு இழுபறி செய்வது அழகான காட்சி இல்லை. எனக்கு அழகு வேண்டியிருக்கவில்லை. "மாத்திரைய நிறுத்தினவங்க நாளைக்கே கிளினிக் போங்க," என்றேன். அதற்குள் யாரோ மைக்கை அணைத்துவிட்டார்கள். கடைசி வார்த்தைகளைத் தொண்டையால் சொன்னேன்.

வாசல் மேசையைப் பார்த்தேன். அக்கா மகள் எழுந்து நின்றிருந்தாள். பிறகு உட்கார்ந்தாள். புது ஊசி ஒன்றைப் பிரித்துத் தன் விரலில் குத்திக்கொண்டாள். கருவியைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தாள்.

லீடர் மேடையிலிருந்தே, "ஸ்ட்ரெஸ்லா அக்கா, ஸ்ட்ரெஸ்ல ஏறும்," என்றார்.

"நீ சும்மா இரு தம்பி," என்றாள். கருவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

கார் நிறுத்தும் இடத்தில் பிடித்தேன். நல்ல வெயில். அவள் தன் சின்னக் காரின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துவிட்டாள். நான் கதவை மூடவிடாமல் குறுக்கே நின்றேன்.

"எங்கம்மா சாகுற வரைக்கும் அதிரசத்தத் திட்டிக்கிட்டே செத்துச்சு. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சும்."

"நான் தீபாவளிக்கு அதிரசம் சுடுறதில்ல. இத்தன வருஷமா. எம் பிள்ளைங்களுக்குக்கூட சுட்டதில்ல." அவள் குரல் உடையவில்லை, கெட்டியாகத்தான் இருந்தது. "நான் உங்கள மன்னிக்க மாட்டேன்."

"நான் கேக்கல. காலக் காட்டு."

"தள்ளுங்க."

"காலக் காட்டு."

"கெழவனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு. தள்ளுங்கன்னு சொல்றேன்ல."

தள்ளவில்லை. போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள். யாரோ குடை கொண்டுவந்து நீட்டினார்கள், வேண்டாம் என்றேன். கால் மணி நேரம் இருக்கும். நான் கதவைப் பிடித்துச் சாய்ந்ததை அவள் பார்த்திருக்கவேண்டும். வலது காலை வெளியே எடுத்து வைத்து, பிளாஸ்டரைப் பிய்த்தாள். விரல் நுனி கறுத்திருந்தது. அதன் நிறத்தை நான் வாய்விட்டுச் சொன்னேன். "கறுப்பு," என்றேன். "அடியில பச்ச. சீழ்." அவள் குனிந்து தானே பார்த்தாள். நான் சொன்னது சரியா என்று பார்த்தாள். பிறகு, "ஏறுங்க," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு ஓட்டினாள். டாக்டர் கூப்பிட்டபோது நானும் எழுந்தேன். "நீங்க இங்கயே இருங்க," என்றாள். "டாக்டர் என்ன சொல்றாருன்னு நானே கேட்டுக்குறேன். உங்க வாயால வேணாம்."

இருந்தேன். ஒரு விரல் போனது. பாதம் தங்கியது, காலும் தங்கியது. இப்போது இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். பொடியை விட்டுவிட்டாள். லீடரோடு சண்டை போட்டுக்கொண்டு அதை விட்டதாக உணவக முதலாளி சொன்னார். என்னோடும் பேச்சை விட்டுவிட்டாள்.

உறவினர்கள் என்னைச் சமாதானப்படுத்த வருகிறார்கள். தம்பி பாசத்தில் செய்தது, அந்தக் காலத்தில் யாருக்கு என்ன தெரியும் என்கிறார்கள். எனக்குத் தெரியும். குழாயைக் கையில் பிடித்திருந்தவன் நான். பாசம் என்ற பெயரில் இதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போக யாரையும் விடப்போவதில்லை. பொடி விற்கும் கம்பெனி ஆட்கள் வேறு விதம். நான் வேறொரு கம்பெனியிடம் விலை போய்விட்டேன் என்று பேசுகிறார்கள். அந்த மண்டபத்தில் இன்னும் கூட்டம் நடக்கிறது. மாதம் ஒரு முறை, ஞாயிறு காலை. நானும் போகிறேன். முதல் வரிசையில் நடுவில் உட்காருகிறேன். வெளியே போகச் சொன்னார்கள், இது பொது மண்டபம் என்றேன். பேச விடுவதில்லை. கேள்வி நேரத்தில் கை தூக்குகிறேன், என்னைத் தவிர எல்லோரையும் கேட்கிறார்கள். பரவாயில்லை. நான் உட்கார்ந்திருக்கும்போது லீடர் மாத்திரையை நிறுத்தச் சொல்வதில்லை. அவர் கண் ஒரு முறை என்மேல் வந்து போகும், பிறகு, "டாக்டர்கிட்டயும் கேட்டுக்குங்க," என்று சேர்த்துக்கொள்கிறார். அந்த ஒரு வாக்கியத்துக்காக என்னால் இன்னும் பல ஞாயிறு உட்கார முடியும்.

அக்கா மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மூன்றாம் நாள் காலை என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. கருவியின் முகப்பு. 14.2. வெறும் வயிற்றில் ஏழுக்குள் இருக்கவேண்டிய எண். கூட ஒரு சொல்லும் இல்லை. நான் ஏதேதோ எழுதி அழித்தேன். நல்லது என்று எழுதினால் பொய். கவலைப்படாதே என்று எழுதினால் அதுவும் பொய். கடைசியில் அதே எண்ணைத் தட்டச்சு செய்து அனுப்பினேன். 14.2.

மறுநாளும் படம் வந்தது. அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. நான் சரியாகப் படிக்கிறேனா என்று சோதிக்கிறாளோ, தன்னைத்தானே காவல் காக்க என்னைப் பயன்படுத்துகிறாளோ, கேட்கவில்லை. ஏறிய நாள் ஏறியதை எழுதுகிறேன், இறங்கிய நாள் இறங்கியதை எழுதுகிறேன். இன்று காலை 7.9.

7.9 என்று அனுப்பிவிட்டேன்.